சாதிபத்திரிப் புண்

அன்புள்ள நானா,

இன்று காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்னர் என் இடது காலில் சாதிபத்திரி ஒட்டினார்கள். முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உட்புறமாக, நீங்கள் எப்போதும் ஒட்டிக்கொள்ளும் அதே இடத்தில். முதலில் அரிசிக் கஞ்சியைத் தடவினார்கள். அதன்மேல், அப்போதுதான் உடைத்த சாதிக்காயிலிருந்து உரித்தெடுத்த சிவப்புப் பத்திரியைக் கிழியாமல் பரப்பினார்கள். ஓரங்களில் மஞ்சளைக் குழைத்துப் பூசி, நடுவில் ஒரு துளி தேங்காயெண்ணெய் விட்டார்கள். கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்ப்பவருக்கு அது மாதக்கணக்கில் ஆறாத புண். குனிந்து பார்ப்பவருக்கு மட்டும் மணம் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த மணம் மேலே ஏறியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். நோயாளியாகப் படுத்திருப்பவன் கண்ணை மூடிக்கொள்வது இயல்பு என்பதால் மாணவிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. இப்போது பிற்பகல். அவர்கள் விடுதிக்குப் போய்விட்டார்கள். காலைக் கழுவாமல் மேசையில் அமர்ந்து இதை எழுதுகிறேன். நீங்கள் என்னிடம் கேட்ட ஒரு கேள்விக்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை. ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன.

நாம் அறிமுகமான விதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மாத்தளைக்கும் உக்குவளைக்கும் இடையில், ரயில் பாதைக்கு மேலே இருந்த அந்தச் சிறிய தனியார் ஆஸ்பத்திரியில் நீங்கள் இரண்டாம் வாட்டின் அட்டெண்டன்ட்; முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல் எல்லோரும் உங்களை நானா என்றே அழைத்தார்கள். நோயாளரைத் தூக்குவது, வாளிகளைக் கொட்டுவது, இறந்தவரைப் பின்கட்டு அறைக்குக் கொண்டுபோவது உங்கள் வேலை. நான் தாதி மாணவிகளுக்குச் செய்முறை கற்பிக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். பழைய களஞ்சிய அறையைச் சுண்ணாம்படித்து, ஒரு கட்டிலும் ஓர் அலுமாரியும் போட்டு, செய்முறை அறை என்று பலகை எழுதித் தொங்கவிட்டேன். கட்டிலில் கிடத்துவதற்கு ஒரு பொம்மை தைப்பித்தேன். தடித்த துணிக்குள் இலவம்பஞ்சு. வளர்ந்த ஆணின் உயரம். கை, கால், கழுத்து எல்லாம் கையேட்டில் குறித்த அளவு. அதைக் கழுவி, புரட்டி, கட்டுப் போட்டு, உணவூட்டுவதாகப் பாவனை செய்து நான்கு ஆண்டுகள் மாணவிகள் பயின்றார்கள். ஒவ்வொரு செய்கைக்கும் படிகளை இலக்கமிட்டுச் சுவரில் ஒட்டியிருந்தேன். படுக்கையில் குளிப்பாட்டலுக்குப் பதினைந்து படி.

இடுப்பெலும்பு உடைந்து கிடந்த ஒரு வண்டிக்காரரை ஒரு மாணவி முதன்முதலாகக் குளிப்பாட்டிய அன்றுதான் நாம் பேசினோம். அவர் நோவில் அழுதார். அவள் ஒரு கணம் விழித்துவிட்டு ஏழாம் படியிலிருந்து எட்டாம் படிக்குப் போனாள், பதினைந்தையும் முடித்தாள். பொம்மை அழுததில்லை ஆகையால், அழுகிறவரிடம் என்ன செய்வது என்பது அவளுக்குத் தெரியவில்லை. நீங்கள் அழுக்குத் தண்ணீர் வாளியோடு விறாந்தையில் என்னைக் கடந்தீர்கள். கடந்தபின் நின்றீர்கள்.

"சேர், ஒங்கட புள்ளகள் நல்லாத்தான் கழுவுறாங்க."

"சந்தோசம், நானா."

"சட்டி கழுவுற மாதிரி."

எனக்குச் சுருக்கென்றது. "பிழை எங்கை? ஒரு படியும் விடுபடேல்லையே" என்றேன்.

"அதத்தான் சேர் நானும் சொல்ற" என்றுவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனீர்கள்.

இரண்டு நாள் கழித்து நீங்களாகவே செய்முறை அறைக்கு வந்தீர்கள். பொம்மையை ஒரு கையால் தூக்கி மூலையில் சாய்த்து வைத்தீர்கள். "இந்த மனுசன் நாலு வருசமா ஒரு நாள் சரி 'நோவுது' எண்டு சொன்னாரா? இவர வீட்ட அனுப்புங்க. நான் படுக்கிறன்" என்றீர்கள். அட்டெண்டன்டின் கடமைப் பட்டியலில் அப்படியொன்று இல்லை என்று நான் சொன்னேன். பட்டியலில் இல்லாததைச் செய்வதென்றால் மேட்ரனின் எழுத்து மூல அனுமதி வேண்டும் என்றேன். "எழுதுங்க. எழுத்துல வந்தாத்தான் ஒங்களுக்கு நித்திர வரும்" என்றீர்கள். எழுதினேன். அனுமதி வந்தது. நான் ஏழு நிபந்தனைகள் வகுத்துக் கடதாசியில் தந்தேன். நீங்கள் வாயால் ஒன்றே ஒன்று சொன்னீர்கள்.

"ஒளு செய்யிற இடங்கள மட்டும் கழுவட்டும் சேர். மொகம், முழங்கை வரைக்கும் கை, கால். மத்ததெல்லாம் ஒங்கட பொம்மையோட வச்சுக்கோங்க."

அது எட்டாவது நிபந்தனையாயிற்று. தொழுகைக்கு முன் நீங்கள் நாளுக்கு ஐந்து முறை கழுவும் அந்த இடங்களில்தான், அதன்பின் நம் ஆஸ்பத்திரியில் பயின்ற தாதிகள் எல்லோரும் மனித உடம்பைத் தொடக் கற்றார்கள்.

நான் ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் அட்டை எழுதித் தருவேன்: பெயர், வயது, நோய், நோவும் இடம். நீங்கள் அதை வாசித்துவிட்டு, தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு, வேறொருவராகிவிடுவீர்கள். காய்ச்சல்காரர் என்று எழுதினால், வெந்நீர்ப் போத்தலைக் கக்கத்தில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு படுப்பீர்கள். நீரிழிவு என்று எழுதினால், மாணவி திரும்பிய நேரத்தில் மடியிலிருந்து தொதல் இனிப்பை எடுத்து வாயில் போடுவீர்கள். கண்டுபிடித்துக் கேட்டால் அவளுடைய பரம்பரையையே விசாரிப்பீர்கள். ஒருமுறை கடை முதலாளியாகப் படுத்திருந்த உங்கள் காலைக் கழுவ ஒரு பெண் வந்தபோது, "என்ட பொஞ்சாதியே இந்தக் கால ஒரு நாளும் கழுவினதில்ல. நீ யாரு புள்ள?" என்று அதட்டினீர்கள். அவள், "மன்னிச்சுக்கங்க முதலாளி" என்று வெளியே ஓடிவிட்டாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அட்டையில் மனைவி இறந்துவிட்டதாக எழுதியிருந்தேன்.

நீங்கள் அட்டையை மீறுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் அதைக் கேட்டேன். "அட்டையிலை இல்லாததெல்லாம் எங்கையிருந்து வருகுது, நானா?" காலில் ஒட்டிய பத்திரியை உரித்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் பதில் சொன்னீர்கள். இன்றைக்கு நடித்தவர் நாலாம் கட்டிலில் கிடந்த மிளகு வியாபாரி. போன கிழமை நடித்தவர் ரயில்வேயில் இருந்து வந்தவர். அதற்கு முந்தினவர் அந்த வண்டிக்காரர். "எல்லாம் நான் தூக்கிட்டுப் போனவங்கதான் சேர். பின்கட்டுக்கு." அதன்பின் பரீட்சை நாளைத் தவிர, அட்டையை மீறுவதை நான் தடுக்கவில்லை.

ஆனால் ஒரு விதியில் நான் தளரவில்லை. நீங்கள் எப்போது நடிக்கிறீர்கள், எப்போது நடிக்கவில்லை என்பது எனக்குத் திட்டமாகத் தெரிய வேண்டும். உண்மையாகவே நோவோ மயக்கமோ வந்தால், "சேர், போதும்" என்று இரண்டு சொல் சொல்ல வேண்டும். அந்தச் சொற்களை நடிப்பில் ஒருபோதும் எடுக்கக் கூடாது. அதுதான் விதி. நீங்கள் அதை என்னைவிடக் கண்டிப்பாகக் காத்தீர்கள். ஒரு மாணவி உங்களுக்குக் கஞ்சி ஊட்டப் பயின்ற நாள் நினைவிருக்கிறதா? ஒரு கோப்பை முடிந்தது. அவள் இன்னொன்று எடுத்தாள். அதுவும் முடிந்தது. மூன்றாவது கோப்பையில் உங்கள் கண் பிதுங்கியது; ஆனாலும் வாயைத் திறந்தபடியே கிடந்தீர்கள். நோயாளியின் முகத்தைப் பார்த்து நிறுத்தத் தெரியவில்லையா என்று அவளைக் கடிந்துகொண்டு, உங்களிடமும் கேட்டேன், ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று.

"'போதும்' எண்ட சொல்ல நீங்க எடுத்து வச்சிக்கிட்டீங்களே சேர். நான் வேற எந்தச் சொல்லச் சொல்லுவன்?"

அன்று நான் சிரித்தேன். அதை நினைக்கும்போது இன்று சிரிப்பு வருவதில்லை.

இன்னொரு விதியும் இருந்தது. இறுதிச் செய்முறைப் பரீட்சையில் இரண்டு பெண்கள் அடுத்தடுத்து மயங்கி விழுந்ததாகப் பாவனை செய்து தப்பிக்கப் பார்த்தார்கள். ஆகவே, தொடங்கிய பரீட்சை எக்காரணத்தால் இடையில் நின்றாலும் அது தோல்வியாகவே கொள்ளப்படும் என்று எழுதினேன். இரண்டாம் முறை தோற்றவர் பயிற்சியிலிருந்து விலக வேண்டும் என்பது முன்னரே இருந்தது. எக்காரணத்தாலும் என்ற சொல்லை நானே தேர்ந்தேன். அன்று அது எனக்கு மிகத் துல்லியமான சொல்லாகத் தோன்றியது.

பார்வதியை நீங்கள் "லயத்துப் புள்ள" என்று கூப்பிடுவீர்கள். மாத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்தில், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து வந்தவள். பிரஜாவுரிமை இல்லாத, இந்தியாவுக்கு அனுப்பப்படக் காத்திருந்த குடும்பம். அரசாங்க ஆஸ்பத்திரியில் அவளுக்கு இடமில்லை. நம் ஆஸ்பத்திரி ஒன்றே வழி. முதல் முறை பரீட்சையில் நான் அவளைத் தோற்கடித்தேன். நோயாளியின் பிள்ளைகளைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்ததில் மூன்று படிகளை விட்டுவிட்டாள். "அந்தப் புள்ளதான் சேர், நான் படுத்திருந்தா ஆள் படுத்திருக்குண்டு நெனக்கிற ஒரே புள்ள" என்று நீங்கள் வாதாடினீர்கள். மூன்று படி மூன்று படிதான் என்றேன்.

இரண்டாம் முறை அவள் பரீட்சைக்கு வந்தது ஒரு வியாழக்கிழமை. அட்டையில் நான் எழுதியிருந்தது: உக்குவளையில் வயல் செய்யும் கமக்காரர், இடது காலில் ஆறாத புண், கட்டு மாற்ற வேண்டும். நீங்கள் காலையிலேயே பத்திரியை ஒட்டிக்கொண்டு படுத்திருந்தீர்கள். முகம் சற்றுக் களைத்திருந்தது. வேடம் என்று எண்ணினேன். மற்ற மாணவிகள் விறாந்தையில் காத்திருந்தார்கள். அறைக்குள் நாம் மூவர். ஒன்பது பத்துக்குத் தொடங்கியது. மணிக்கூட்டைப் பார்த்து நானே புள்ளித்தாளில் எழுதினேன்.

அவள் கை கழுவினாள், தட்டை ஒழுங்கு செய்தாள், உங்கள் பக்கத்தில் வந்து குனிந்தாள். "ஐயா, கால்ல கட்டு மாத்தப் போறேங்க. வலிச்சா சொல்லுங்க."

"சொன்னா மட்டும் வலி போயிருமா புள்ள?"

"போகாதுங்க. ஆனா எனக்குத் தெரியுமில்ல."

இந்த முறை ஒரு படியும் விடவில்லை. பழைய கட்டை அவிழ்த்தாள், புண்ணைச் சுற்றித் துடைத்தாள், புதுத் துணியை வைத்தாள், சுற்றத் தொடங்கினாள். ஒன்பது பதினாறுக்கு உங்கள் வலது கை இடது தோளுக்குப் போயிற்று. அங்கிருந்து தாடைக்கு. அட்டையில் தோளும் இல்லை, தாடையும் இல்லை. பரீட்சை நாளிலாவது அட்டைக்குள் நிற்கும்படி நான் கேட்டிருந்தேன். நீங்கள் மீண்டும் மீறுகிறீர்கள் என்று எனக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் என்ற சொல்லையே இங்கே எழுதுகிறேன். வேறு சொல் பொய்யாகும்.

பார்வதியின் கை நின்றது. புறங்கையை உங்கள் நெற்றியில் வைத்தாள். "சேர், வேர்க்குதுங்க" என்றாள்.

"பரீட்சை நடக்கேக்கை என்னோடை கதைக்கக் கூடாது. கட்டைத் தொடருங்கோ."

"நடிப்புல வேர்வை வராதுங்க சேர். கை சில்லுன்னு இருக்கு."

நான் உங்களைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று எவரும் சொல்ல முடியாது; பார்த்தேன். அந்த இரண்டு சொல்லுக்காகக் காத்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், பிறகு அவளைப் பார்த்தீர்கள். "கட்டி முடி புள்ள" என்றீர்கள். "இன்னும் ரெண்டு சுத்துத்தான்." சொற்கள் வரவில்லை. ஆகவே விதியின்படி நீங்கள் நலமாக இருந்தீர்கள்.

நானும் தொடரச் சொன்னேன், நீங்களும் தொடரச் சொன்னீர்கள். அவள் இன்னொரு சுற்றுச் சுற்றினாள். அடுத்த சுற்றுப் பாதியில் கட்டுத்துணிச் சுருளைக் கீழே போட்டுவிட்டுக் கதவைத் திறந்து, டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினாள். ஒன்பது இருபது. நான் குறிப்பு என்ற கட்டத்தில் 'ஒழுங்கு மீறப்பட்டது' என்று எழுதிக்கொண்டிருந்தேன். எழுதி முடித்துப் பேனையை எடுத்தபோதுதான் உங்கள் உதட்டின் நிறம் தெரிந்தது. அந்த நிறத்தை உண்டாக்கும் பொருள் எதுவும் நம் அலுமாரியில் இருக்கவில்லை.

செய்முறைக் கட்டிலோடே உங்களை இரண்டாம் வாட்டுக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். கட்டுத்துணியின் நுனி தரையில் இழுபட்டது. யாரோ அதை எடுத்துக் காலில் செருகிவிட்டார்கள். நீங்கள் இருபது ஆண்டுகள் துடைத்த தரைமீது, நீங்கள் நோயாளராகப் போனீர்கள்.

அன்று மாலை நான்கு மணிக்கு வந்தேன். மாரடைப்பு என்றார் டாக்டர். நான்கு நிமிடம் முந்தியிருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்றும் சொன்னார். அவர் அன்பினால் சொன்னதா, அறிவினால் சொன்னதா என்று நான் இன்றுவரை தீர்மானிக்கவில்லை. நீங்கள் தலையணையில் சாய்ந்து கிடந்தீர்கள். என்னைக் கண்டதும் கண்ணால் கட்டிலின் கால்மாட்டைக் காட்டினீர்கள். அங்கே தொங்கிய தாளில் வாட்டு நேர்ஸ் ஒழுங்காக எழுதியிருந்தார்: இடது காலில் ஆறாத புண், கட்டுப் போடப்பட்டுள்ளது.

"நம்ம புண்ண இவங்களும் நம்பிட்டாங்க சேர்" என்றீர்கள். குரல் மெலிந்திருந்தது, சிரிப்பு மெலியவில்லை. "நீங்க சொல்லிராதீங்க. நாளைக்கு அவுத்துப் பாக்கக்குள்ள மொகம் போற போக்க நான் பாக்கணும்."

சொல்ல மாட்டேன் என்று தலையசைத்தேன். பிறகு கேட்டேன். "நானா, ஏன் அந்த ரெண்டு சொல்லைச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா பரீட்சை நிண்டிருக்குமே. நிண்டா அந்தப் புள்ள பெயில். ஒங்கட சட்டந்தானே." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னீர்கள். "அது லயத்துக்குத் திரும்பிப் போனா, அப்பன் அதையும் இந்தியாவுக்குக் கப்பல்ல ஏத்திருவான். இங்க பொறந்த புள்ள, அங்க போய் யாரத் தெரியும்? ரெண்டு சுத்துத்தானே எண்டு நெனச்சன்."

போர்வையின் மடிப்பைச் சரிசெய்தேன்.

"புள்ள பாஸா, சேர்?"

அந்தக் கேள்வி இதுதான், நானா. அதற்கு ஒரு சொல் போதுமாயிருந்தது. உண்மையாயினும் பொய்யாயினும் அந்த ஒரு சொல்லைச் சொல்ல எந்த மனிதனாலும் முடியும். நான் சொன்னது இது: "மேட்ரனுக்கு எழுதிக் கேட்டிருக்கிறன். மறுமொழி வரட்டும். நாளைக்கு வந்து சொல்லுறன்."

நீங்கள் கோபிக்கவில்லை. "நல்லம் சேர்" என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

வெள்ளிக்கிழமை பதினொன்றே காலுக்கு மேட்ரனின் மறுமொழி வந்தது. நான் எழுதிய இரண்டு பக்கத்தின் அடியில் அவர் ஒரே வரி எழுதியிருந்தார்: 'தாங்கள் பொருத்தமெனக் கருதுவதைச் செய்யவும்.' அந்தக் கடதாசியைக் கையில் பிடித்துக்கொண்டே விறாந்தை வழியே நடந்தேன். அனுமதி தொடக்கத்திலிருந்தே என் கையில்தான் இருந்திருக்கிறது என்று நடக்கும்போதுதான் விளங்கியது. வாட்டின் கதவருகே பார்வதி நின்றாள். அவளுக்குப் பின்னால் உங்கள் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது.

"கால் மணி நேரமாச்சுங்க சேர்" என்றாள். அழவில்லை. "காலையில ரெண்டு வாட்டி கேட்டாரு. சேர் ஏதும் சொன்னாரான்னு. இன்னும் இல்லன்னு சொன்னேங்க."

உங்கள் வீடு மாத்தளைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்தது. அங்கே நான் அன்றுதான் முதன்முதலாக வந்தேன். ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆண்கள் வந்துகொண்டிருந்தார்கள். முற்றத்தின் ஒரு பக்கம் வெள்ளைத் துணி கட்டி மறைத்து, அதற்குள்ளே உங்களைக் குளிப்பாட்ட ஆயத்தம் செய்தார்கள். எனக்கு ஒரு கதிரை போட்டார்கள். நான் உட்காரவில்லை. கொஞ்ச நேரத்தில் உங்கள் மூத்த மகன் துணியை விலக்கி வெளியே வந்தார். சட்டைக் கைகள் மடித்திருந்தன.

"சேர், வாப்பாட கால்ல கட்டு இருந்திச்சு. அவுத்தா பெரிய காயம். தண்ணி ஊத்தினா நோ..." என்று தொடங்கி, அந்தச் சொல்லைப் பாதியில் விட்டார். "தண்ணி ஊத்தலாமா சேர்?"

அட்டையும் இல்லை, படியும் இல்லை. நான் சொன்னேன்: "அது காயமில்லைத் தம்பி. சாதிபத்திரி. கழுவினால் போகும்."

அவர் விரலை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தார். "உம்மா எப்பவும் கேப்பாங்க, ஆஸ்பத்திரிக்குப் போற மனுசன்ட சாரத்தில என்ன பலசரக்கு வாசம் எண்டு. சிரிப்பாரு. சொல்ல மாட்டாரு." பிறகு, "வாப்பா அங்க என்ன செஞ்சாரு சேர்?" என்று கேட்டார்.

"படுத்திருந்தார்" என்றேன். அதற்குமேல் என்னால் அப்போது முடியவில்லை. பின்னொரு நாள் வந்து முழுவதையும் சொன்னேன். உங்கள் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார். ஓரிடத்தில் சிரித்ததாகவும் எனக்குத் தோன்றியது. கடை முதலாளியின் கால் கதை வந்த இடமாக இருக்கலாம்.

துணிக்கு வெளியே நின்று தண்ணீர் விழும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு முதியவர் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்: மொகம், கை, முழங்கை வரைக்கும், கால். பிறகு, வலப்பக்கம் முதல். மெல்ல ஊத்துங்க. இன்னொருக்கா. படி வழுவாமல் நடந்தது, நானா. என் சுவரில் ஒட்டியிருந்த பதினைந்தைவிடக் கண்டிப்பான ஒழுங்கு. ஆனால் அங்கே எவரும் சட்டி கழுவவில்லை. மெல்ல, மெல்ல என்ற அந்தச் சொல்லை, தண்ணீரின் சூடு இனித் தெரியாத ஒருவருக்காக, எத்தனை தடவை சொன்னார்கள். நான் என் வாழ்நாளில் விதி என்று எதைக் கற்பித்தேனோ அதை அன்றுதான் வெளியிலிருந்து கேட்டேன்.

மறுநாள் புள்ளித்தாளை எடுத்தேன். 'ஒழுங்கு மீறப்பட்டது' என்பதை வெட்டவில்லை. மையால் எழுதியதை அழிப்பது முறையன்று. அதன் பக்கத்தில், 'மீறியது சரி. தொடரச் சொன்ன பரீட்சகரே தவறினார்' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். பெறுபேறு என்ற இடத்தில் 'சித்தி', அதாவது தேர்ச்சி, என்று எழுதினேன். இடையில் நின்ற பரீட்சை பற்றிய விதியை நீக்கும்படி மேட்ரனுக்கு எழுதினேன். சுவரில் ஒட்டிய எல்லாப் பட்டியல்களுக்கும் முன்னால் ஒரு புதுப் படி சேர்த்தேன்: கட்டிலில் இருப்பவரின் கையைப் பிடித்து, முழு ஒரு நிமிடம் நாடி பார்க்கவும். அவர் யாராக நடித்தாலும் நாடி அவருடையது.

அதன்பின் ஒரு வருடம் பொம்மையே கட்டிலில் கிடந்தது. ஒருவரும் அங்கே படுக்க ஒப்பவில்லை, நானும் கேட்கவில்லை. ஒருநாள் பொம்மையைத் தூக்கி மூலையில் சாய்த்துவிட்டு நானே ஏறிப் படுத்தேன். எனக்கு நடிக்க வராது. அட்டையில் உள்ளதை உள்ளபடி ஒப்பிப்பேன். மாணவிகள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பதும் தெரியும். பார்வதி இப்போது என்னோடு சேர்ந்து கற்பிக்கிறாள். அவளுடைய தாய் தந்தையர் தலைமன்னாரில் கப்பலேறிய நாளில் இரண்டு நாள் லீவு எடுத்தாள். மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு வேலைக்கு வந்தாள். மாணவிகள் கஞ்சியும் மஞ்சளும் எடுத்துக்கொடுக்க, என் காலில் பத்திரி ஒட்டுபவள் அவள்தான். அளவு, இடம், மஞ்சள், எண்ணெய் எல்லாம் உங்களிடம் பார்த்தது.

இன்று ஒரு புதுப் பெண் என் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணினாள். "எழுபத்தெட்டு, சேர்" என்றாள். அந்த ஒரு நிமிடம் அறையில் எவரும் அசையக் கூடாது. அதில் நான் ஒன்பது பதினாறிலிருந்து ஒன்பது இருபது வரை போய்த் திரும்பி வருவேன். பிறகு அவள் கஞ்சி ஊட்டினாள். இரண்டாம் கோப்பை முடிந்தும் நிறுத்தவில்லை. எனக்கு வயிறு முட்டியது. சொல்லவில்லை, அந்தச் சொல் இன்னும் எடுத்து வைத்தபடிதான் இருக்கிறது. சுவரோரம் நின்ற பார்வதி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "முகத்தப் பாரும்மா" என்றாள். அந்தப் பெண் பார்த்தாள். கோப்பையைக் கீழே வைத்தாள்.

எழுத்தில் வந்தால்தான் எனக்கு நித்திரை வரும் என்று சொன்னீர்கள். ஆகவே எழுத்திலேயே தருகிறேன், மேட்ரனின் கையெழுத்து இல்லாமல்: புள்ள பாஸ், நானா.

இனி எழுந்து போய்க் கால் கழுவ வேண்டும். பத்திரி காய்ந்து இறுகிவிட்டது. மெல்லத்தான் எடுக்க வேண்டும். ஒட்டியிருப்பது இடது காலில். ஆனாலும் வலது காலிலிருந்தே தொடங்குவேன்.